முகாமில் முதல் நோயாளியை யார் எண்ணுகிறார்கள்?

1994 ஜூலை நடுவில், ருவாண்டாவிலிருந்து வெளியேறிய 5 லட்சம் முதல் 8 லட்சம் பேர் சில நாட்களுக்குள் எல்லை தாண்டி, அன்றைக்கு ஜைர் என்று அழைக்கப்பட்ட நாட்டின் கோமா நகரை வந்தடைந்தார்கள். அங்கே தரை முழுக்க எரிமலைப் பாறை. கழிப்பறைக்குக் குழி வெட்டக்கூட வழியில்லை. குடிப்பதற்குக் கிவு ஏரித் தண்ணீர்தான். சீக்கிரத்திலேயே காலரா உறுதியானது. அதன் பின்னாலேயே ரத்தபேதி வந்தது. முதல் மாதத்திலேயே ஏறக்குறைய 50,000 பேர் இறந்துபோனார்கள். சாலையோரம் கிடத்தப்பட்ட உடல்களை அள்ளிப் புதைத்தபோது எண்ணியதுதான் இந்தக் கணக்குக்குப் பெரிய ஆதாரம். நோயாளியாக எண்ணப்பட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் பலர், பிணமாக மட்டுமே எண்ணப்பட்டார்கள். காலராவுக்கு உரிய நேரத்தில் மருத்துவம் கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்தக் கணக்கின் கொடுமை புரியும். போரிலோ பேரிடரிலோ மக்கள் வீடிழந்து ஓரிடத்தில் கூடும்போது, நோயை எண்ணும் வேலை அரிசி, தண்ணீர், கூடாரம் ஆகியவற்றோடு முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். அந்த எண்ணிக்கை முகாமில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். இது யாரும் போடும் பிச்சை அல்ல, உயிர் வாழும் உரிமையில் அடங்கியது.

பேரிடர் என்றதும் பெரும்பாலோருக்கு முதலில் வரும் அச்சம் பிணங்களைப் பற்றியது. அழுகும் உடல்களிலிருந்து கொள்ளைநோய் கிளம்பும் என்று நம்பி, அடையாளம் காணாமலே அவசர அவசரமாகப் புதைக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையோரம் இது நடந்தது. ஆனால் வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் இறப்பவர்கள் காயத்தாலோ மூச்சுத் திணறியோ இறக்கிறார்கள். அவர்கள் உடலில் கொள்ளைநோய்க் கிருமி இருக்கக் காரணமில்லை. காலரா, எபோலா போன்ற நோயால் இறந்தவர்களின் உடலைக் கையாளும்போதுதான் தனிக் கவனம் தேவை. அவசரப் புதைப்பால் நோய் தடைபடுவதில்லை, குடும்பத்துக்குத்தான் இழப்பு. இறப்புச் சான்றிதழ் கிடைக்காது, அது இல்லாமல் வாரிசுச் சான்றிதழும் நிவாரணத் தொகையும் இழுபடும். ஆகவே உடலைப் படம் எடுத்து, அடையாளக் குறிப்பு எழுதி, புதைத்த இடத்தைக் குறித்து வைக்கச் சொல்லிக் கேட்பது குடும்பத்தின் நியாயமான உரிமை. உண்மையான ஆபத்து உயிரோடு இருப்பவர்களின் நெரிசலில் இருக்கிறது. மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்பியர் நெறிமுறைகள் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்குமிடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம் என்று வரையறுத்தது கோமா போன்ற அழிவுகளைப் பார்த்த பிறகுதான். இந்த அளவுகள் குறையக் குறையக் காலராவும் மஞ்சள் காமாலையும் தட்டம்மையும் நெருங்கி வருகின்றன. சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை பரவியது. அங்கே பெரும்பாலான குழந்தைகள் ஒரு தவணை தடுப்பூசி போட்டவர்கள், அப்படியிருந்தும் பரவியது. தடுப்பூசிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எண்ணும் முறையைக் கிட்டே போய்ப் பார்த்தால் அதில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்பது தெரியும். முகாம் மருத்துவ மையத்தில் இருப்பவர் நிரப்ப வேண்டியது ஒரே ஒரு தாள். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர்கள், ரத்தத்தோடு பேதியானவர்கள், காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு கண்டவர்கள், கண் மஞ்சளித்தவர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து வயதுக்குக் கீழ், ஐந்தும் அதற்கு மேலும் என இரண்டு பிரிவு. இந்தப் பிரிவுக்குக் காரணம் உண்டு. கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருவது எங்கும் எப்போதும் நடக்கிறது. ஆனால் வளர்ந்த ஒருவர் தண்ணீராகப் போய் ஒரே நாளில் நீர் வற்றிச் சாவது அரிது. அப்படி ஒரே ஒரு சாவு நேர்ந்தாலும் காலராவோ என்று சந்தேகித்து எச்சரிக்கை எழுப்ப வேண்டும். தட்டம்மைக்கும் அப்படித்தான்: ஒரு குழந்தை போதும், இரண்டாவதற்காகக் காத்திருக்கக் கூடாது. நோயாளி யாருமே வராத நாளில் கட்டத்தை வெறுமையாக விடாமல் பூஜ்ஜியம் எழுத வேண்டும் என்பது இன்னொரு விதி. பூஜ்ஜியம் இருந்தால் பார்த்தார்கள், நோய் இல்லை என்று அர்த்தம். கட்டம் வெறுமையாக இருந்தால் அங்கே ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். பெரிய கொள்ளைநோய்கள் பலவும் அந்த வெற்றுக் கட்டங்களில்தான் தொடங்குகின்றன. இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் நெருக்கடிப் பகுதிகளுக்கு அனுப்பும் எச்சரிக்கைப் பெட்டியில் 60 கைப்பேசிகள், மடிக்கணினி, சிறிய சர்வர், சூரிய மின்சாரம் தரும் கருவி ஆகியவை இருக்கும். சுமார் 15,000 டாலர் விலையுள்ள அந்த ஒரு பெட்டி ஏறக்குறைய 5 லட்சம் மக்களுக்கான மையங்களைக் கவனித்துக்கொள்ளும்.

சாகக் கிடப்பவர்களுக்கு ஊசி போடவே கை போதாதபோது தாளில் எழுதிக்கொண்டிருப்பதா என்று களத்தில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. இரவு பகலாக நின்று உழைப்பவர்களின் கேள்வி என்பதால் அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் மருத்துவமனையில் அகதிகள் காலராவால் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீரும் நிலை. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். அந்தக் கரைசலை மருத்துவ உலகம் அன்று முழுதாக நம்பியிருக்கவில்லை. அதை நம்ப வைத்தது கணக்கு. அங்கே இறப்பு விகிதம் 3.6 சதவீதமாகக் குறைந்ததை அவர் பதிவு செய்து வெளியிட்டார். சாவுகளையும் பிழைத்தவர்களையும் குறித்து வைக்காமல் போயிருந்தால், இன்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இன்னும் எத்தனை ஆண்டு தாமதமாக வந்திருக்குமோ. 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு வந்தபோதும் இதையே பார்க்கிறோம். காலரா வரும் அபாயத்தை முன்கூட்டியே கணித்து, அக்டோபர் 10-ஆம் தேதியே வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். கோமா அங்கே திரும்ப நிகழவில்லை. நவம்பரில் வேறொரு நோய் தலைகாட்டியது: தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா. பல மருத்துவர்கள் பாடப்புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த நோய் அது. அதன் நச்சுமுறி மருந்து உலகெங்குமே தட்டுப்பாடு. இருக்கும் கொஞ்ச மருந்து யாருக்கு, எந்தக் கூடாரங்களில் இருப்பவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பரவலை மறிப்பது, டிசம்பரில் தொடங்கிய தடுப்பூசிப் பணியில் எந்த வயதினருக்கு முதலிடம் என்பதையெல்லாம் தீர்மானிக்க நோயாளிகளின் பட்டியல் தேவைப்பட்டது. எழுதுகிற கை மருந்து கொடுக்கிற கைக்குப் போட்டி என்று நினைப்பதே தவறு. எந்தப் படுக்கைக்கு ஓடுவது என்று பின்னதற்குச் சொல்வது முன்னதுதான்.

அடுத்த ஆட்சேபம் அதிகாரத்தில் இருப்பவர்களிடமிருந்து வருவது: எண்ணிக்கையை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள், ஊருக்குக் கெட்ட பெயர், வியாபாரம் படுத்துவிடும். காலரா என்ற பெயரை எழுத அஞ்சிக் கடுமையான வயிற்றுப்போக்கு என்று எழுதுவதும், சோதித்துப் பார்க்காத சாவையெல்லாம் மர்மக் காய்ச்சல் கணக்கில் சேர்ப்பதும் இந்த அச்சத்தின் விளைவுகள்தான். மறைப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை ஹைட்டி காட்டியது. 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் சிதைந்த அந்த நாட்டில், ஒரு நூற்றாண்டாகக் காணாத காலரா அதே ஆண்டு அக்டோபரில் வெடித்தது. மிரபலே ஊரருகே ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததே மூலம் என்று காட்டும் ஆதாரங்கள் சில மாதங்களிலேயே சேர்ந்துவிட்டன. ஐ.நா. ஆண்டுக்கணக்கில் பொறுப்பை ஏற்கவில்லை. 8 லட்சம் பேருக்கு நோய் தொற்றி, ஏறக்குறைய 10,000 பேர் இறந்த பிறகு, 2016 டிசம்பரில்தான் பொதுச் செயலர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றும் ஐ.நா.வின் சட்டப் பாதுகாப்பைத் தாண்ட முடியவில்லை. என் பார்வையில், அந்த வழக்கு தோற்றதைவிட, உண்மையை ஒப்புக்கொள்ள அத்தனை ஆண்டு ஆனதுதான் பெரிய அநீதி. மக்கள் பீதியடைவது பெரும்பாலும் அரைகுறைச் செய்தியால்தான். எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னால் அவர்கள் வேறு குழாய்க்குப் போவார்கள். 2007-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிமுறைகளும் இந்த மறைப்புக்கு இடம் கொடுக்கவில்லை. நாடு கடந்து பரவக்கூடிய அவசரநிலை என்று மதிப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிப்பது உறுப்பு நாட்டின் கடமை. அரசு அல்லாத வட்டாரங்களிலிருந்து வரும் தகவலையும் அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டு அரசிடம் விளக்கம் கேட்கலாம். செய்தியாளரும் களத்தில் இருக்கும் மருத்துவரும் வாய் திறப்பதற்கு அதனால்தான் இவ்வளவு மதிப்பு.

மூன்றாவது ஆட்சேபத்தை இவற்றைவிடக் கனமானதாக நினைக்கிறேன். துரத்தப்பட்ட மக்களின் பெயரும் கைரேகையும் பகைவர் கைக்குப் போனால் என்ன ஆகும்? ரோஹிங்கியா அகதிகளின் விவரங்கள் அவர்களின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் மியான்மர் அரசிடம் போய்ச் சேர்ந்ததாக 2021-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளிப்படுத்தியது. இந்த அச்சம் உண்மையானது. அதைத் தட்டிக் கழிப்பவரை நம்பக் கூடாது. ஆனால் நோயை எண்ணப் பெயர் வேண்டியதில்லை. வயதுப் பிரிவு, ஆணா பெண்ணா, முகாமின் எந்தப் பகுதி, எந்த நாள் என்பது போதும். தொடர்பில் இருந்தவர்களைத் தேடும்போது மட்டும் பெயர் தேவைப்படும். அது மருத்துவ மையத்தைத் தாண்டக் கூடாது. மதம், சாதி, குடியுரிமை ஆகியவற்றை நோய்த் தாளில் கேட்டால் எதற்கு என்று கேட்கலாம், சொல்ல மறுக்கலாம். ரேஷனையும் மருந்தையும் கைரேகையோடு முடிச்சுப் போடுவது நோயாளிகளை ஒளிந்துகொள்ளத்தான் வைக்கும்.

எண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலையில் காசாவின் சாக்கடை நீர் மாதிரிகளில் போலியோ வைரஸ் இருப்பது கண்டறியப்பட்டது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் செயலிழந்தது உறுதியானது. 25 ஆண்டுகளில் அங்கே முதல் போலியோ அது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தும், குண்டுகள் விழும் இடத்தில் சொட்டு மருந்து கொடுக்க முடியாது. செப்டம்பர் 1 முதல் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்தச் சம்மதித்த பிறகுதான் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 2009-இல் இலங்கையின் வவுனியாவில் மெனிக் பாம் முகாம்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் வெளியேற விடாமல் வைக்கப்பட்டிருந்தபோது சின்னம்மையும் மஞ்சள் காமாலையும் பரவின. வாசலைப் பூட்டிவைத்து நெரிசலை உண்டாக்கியவர்களுக்கு, உள்ளே இருப்பவர்களின் உடல்நலத்துக்கான முழுப் பொறுப்பும் வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் நிவாரண முகாம்களாகின்றன. அங்கே தங்குபவர்களுக்குச் சட்டத்தின் பிடிமானம் உண்டு. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு முகாம்களில் இடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கச் சொல்கிறது. நிவாரணத்தில் சாதி, மதம், பால் பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது 61-ஆம் பிரிவு. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின்படி சுகாதாரப் பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என மூன்று மட்டத்திலிருந்தும் தகவல் மேலே போக வேண்டும். முகாமுக்குள் நுழைந்த அன்றே கேட்க வேண்டியவை சில: நோயாளிகளை இங்கே யார் பதிவு செய்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்புகிறார், தண்ணீரில் குளோரின் இன்று பார்க்கப்பட்டதா. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர் கையிலுள்ள கருவியில் சில சொட்டு விட்டு நிறத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நம் கண் முன்னால் பார்க்கச் சொல்லலாம். ஒரே கூடத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தண்ணீராகப் போனால், வீட்டு வைத்தியத்தோடு நிறுத்திவிடாமல் 104-க்கோ மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கோ சொல்லிவிட வேண்டும். அதற்குள் நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ்.; அது இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். கண் குழிவிழுந்து, சிறுநீர் நின்று, துவண்டுபோனால் 108. சொல்லியும் யாரும் வரவில்லை, எண்ணிக்கையைக் கேட்டால் காட்டவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(1) பிரிவைக் குறிப்பிட்டு, இது உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்று எழுதிக் கேட்கலாம். வழக்கமான 30 நாள் இதற்குப் பொருந்தாது. 48 மணி நேரத்துக்குள் பதில் தந்தாக வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு தகவல் ஆணையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்போது அது ஆதாரமாக இருக்கும்.