ஊட்டி, கொடைக்கானல் ட்ரிப்: மலை ஏறும்போது குழந்தையின் உடலில் என்ன நடக்கிறது?

மே மாதம் பிறந்தால் போதும், மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வருவதற்குள்ளேயே பல கார்களின் பின் சீட்டில் ஒரு கேரி பேக் தயாராகிவிடும். நீலகிரியில் கேரி பேக்குக்கே தடை என்பது தனிக் கதை. முதல் இரண்டு கொண்டை ஊசி வளைவு வரை உற்சாகமாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த குழந்தை, மூன்றாவதில் அமைதியாகிவிடும். நான்காவதில் முகம் வெளிறும். ஐந்தாவதில் என்ன ஆகும் என்பது பெற்றோருக்குத் தெரிந்த கதைதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் வழியில் இப்படி 14 வளைவுகள். ஏற்காட்டுக்கு 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. ‘குழந்தைக்கு வாமிட்டிங் வரும், இரண்டு வயசு ஆகட்டும், அப்புறம் போகலாம்’ என்று வீட்டில் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், உண்மை கிட்டத்தட்ட தலைகீழ்.

ஏன் வாந்தி வருகிறது?

உடல் அசைகிறதா, திரும்புகிறதா என்பதை மூளைக்குச் சொல்வது உட்செவியில் இருக்கும் சமநிலை உறுப்பு. கார் வளைவில் திரும்பும்போது அது ‘சுற்றுகிறோம்’ என்கிறது. ஆனால் பின் சீட்டில் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது முன் சீட்டின் முதுகு மட்டும்தான். அது ஆடாமல் நிற்கிறது. காது ஒன்று சொல்ல, கண் இன்னொன்று சொல்ல, மூளை குழம்பிப் போவதன் விளைவுதான் குமட்டல். கையில் மொபைலைக் கொடுத்து கார்ட்டூன் போட்டுவிட்டால் குழப்பம் இன்னும் அதிகமாகும். அழாமல் வரட்டும் என்று கொடுக்கும் அந்த மொபைல்தான் பல நேரம் வாந்திக்குக் காரணமே.

இந்தத் தொல்லை 2 முதல் 12 வயது வரைதான் அதிகம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மிக அரிதாகவே வரும். அதாவது கைக்குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வரும், நாலு வயது அக்காதான் படாதபாடு படுவாள்.

என்ன செய்யலாம்? தூரத்து மலையைப் பார்க்க வைக்கலாம். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடலாம். ஏறுவதற்கு முன் வயிறு முட்டவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். டிரைவரிடம் ‘அண்ணா, கொஞ்சம் மெதுவா’ என்று சொல்லத் தயங்கவே வேண்டாம். மருந்து விஷயத்தில் மட்டும் கவனம். பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் அவோமின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் உள்ள ப்ரோமெத்தசின் என்ற மருந்தை 2 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு விடுவதையே மந்தமாக்கிவிடும் ஆபத்து உண்டு. அதற்கு மேல் என்றாலும் எடைக்கு ஏற்ற அளவைக் குழந்தை மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுக்கொள்வதுதான் சரி.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காருவது இன்னொரு பழக்கம். ‘வேடிக்கை பார்த்தால் வாந்தி வராது’ என்பது லாஜிக். ஆனால் டமால் என்று பிரேக் போட்டால் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் விரிந்தால் அதன் முழு வேகமும் குழந்தை மேல்தான். 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ, குழந்தை சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டாதா?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டி. மேலே போனதும் பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருக்கலாம். வெளியே காற்றழுத்தம் குறைந்துவிட்டது, அதனால்தான். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஊட்டியில் காற்றழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு.

பயப்படத் தேவையில்லை. லடாக் போகிறவர்களுக்கு வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆரோக்கியமான குழந்தைக்கு ஊட்டி உயரம் பிரச்னை இல்லை. படிக்கட்டில் ஓடினால் கொஞ்சம் சீக்கிரம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பிறவி இதயக் கோளாறு, நுரையீரல் பிரச்னை, குறைமாதப் பிரசவம் என்றால் கதை வேறு. மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

அழுத்தம் குறைவதால் இன்னொரு விஷயம் நடக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பால் பவுடர் கரைக்க தண்ணீர் காய்ச்சுகிறவர்கள், ‘தளதளன்னு கொதிச்சிடுச்சு’ என்று உடனே இறக்கிவிடாமல் 3 நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். கீழே ஊரில் ஒரு நிமிஷம் போதும்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீலகிரியில் விற்கவும் கூடாது, கொண்டுபோகவும் கூடாது. செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போனால் ஆங்காங்கே இருக்கும் வாட்டர் ஏடிஎம்-ல் நிரப்பிக்கொள்ளலாம். குளிரில் குழந்தை ‘தாகமா இருக்கு’ என்று சொல்லாது, நாம்தான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குளிரைவிடப் பெரிய ஆபத்து

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக் கொட்டிய குழந்தை, இரண்டு மூன்று மணி நேரத்தில் 12 டிகிரி குறைவான ஊரில் இறங்குகிறது. சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். மங்கி குல்லா கட்டாயம், போட்டோவில் நன்றாக இல்லை என்றாலும். வெயிலும் சும்மா இல்லை. 1,000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். குளிருதே என்று படகில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் சாயங்காலம் கன்னம் சிவந்து எரியும்.

ஆனால் குளிரைவிட, குளிருக்குப் பயந்து செய்யும் ஒரு காரியம்தான் உயிரைப் பறிக்கிறது. ராத்திரி வெளியே பார்பிக்யூ போட்டு முடித்ததும், ‘கங்கு இன்னும் சூடா இருக்கே’ என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைப்பது. ஜன்னல் மூடியிருக்கும், கதவிடுக்கில் துணி செருகியிருக்கும். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. புகை இல்லையே, ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் தவறு. புகை அடங்கிய கங்கில்தான் அது தாராளமாக வரும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார்.

குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறார்கள். அதனால் அதே அறையில் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள்தான். அறிகுறிகளும் ஏமாற்றும்: தலைவலி, வாந்தி, சோர்வு, தூக்கம். ‘பஸ்ஸில் வந்த அலுப்பு’ என்று விட்டுவிடுவார்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்குத் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல், எல்லோரையும் வெளியே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அப்புறம் 108. காற்றோட்டம் இல்லாத பாத்ரூமுக்குள் இருக்கும் கேஸ் கீஸரிலும் இதே ஆபத்து உண்டு. ரூம் புக் செய்யும்போது வியூ இருக்கா, வைஃபை இருக்கா என்று கேட்கிறவர்கள், ‘எலெக்ட்ரிக் ஹீட்டர் இருக்கா, கீஸர் எங்கே இருக்கு’ என்றும் கேட்கலாம். கரி வேண்டாம், இரண்டு கம்பளி கூடுதலாகக் கேளுங்கள்.

இ-பாஸ், பொம்மை ரயில், குரங்கு

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது: சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஆன்லைனில் இலவசமாகவே எடுக்கலாம். கிளம்பும் முன் அப்போதைய விதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அரசு பஸ்ஸுக்கு இந்தத் தலைவலி இல்லை. குழந்தையோடு செக்போஸ்ட் வரிசையில் நிற்பதைவிட வார நாளில் விடியற்காலையில் ஏறிவிடுவது எவ்வளவோ மேல்.

பொம்மை ரயில் எல்லாக் குழந்தைகளின் ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பி, 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 மணி நேரம். முதல் அரை மணி நேரம் குதூகலம், அப்புறம் ‘எப்பப்பா வரும்?’ மூன்று வயதுக்கு அது ரொம்ப நீளம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே மட்டும் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சுரங்கப்பாதை, தேயிலைத் தோட்டம், கூச்சல் எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். அதேபோல தொட்டபெட்டா, பைக்காரா, படகு இல்லம், தாவரவியல் பூங்கா எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கும் ‘பேக்கேஜ்’ சின்னக் குழந்தைக்குத் தண்டனை. ஒரு நாளைக்கு இரண்டு இடம் தாராளம். பூங்கா புல்வெளியில் உருண்டால் அதற்கு அதுவே ஊட்டி.

குரங்கு கையில் இருப்பதைப் பிடுங்கும்போது பிராண்டினாலோ கடித்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போக வேண்டும். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது.

இறங்கும்போது காது ஏன் வலிக்கிறது?

ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது, சளி இருந்தால் அடைத்தே கிடக்கும். அதனால்தான் மேலே போகும்போது சிரித்த குழந்தை, கீழே வரும்போது காரணமே தெரியாமல் வீறிட்டு அழுகிறது. விழுங்கினால் அந்தக் குழாய் திறக்கும். பெரிய குழந்தைக்கு அடிக்கடி ஒரு வாய் தண்ணீர். கைக்குழந்தைக்குப் பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரம் கட்டிப் பால் கொடுக்கலாம். தூக்கத்தில் விழுங்குவது குறைவு என்பதால், இறங்கும்போது மட்டும் எழுப்பிவிடுவது நல்லது.

வண்டி ஓட்டுகிறவருக்கு ஒன்று. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும். செகண்ட் கியரில் வாருங்கள், வேகத்தை இன்ஜினே கட்டுப்படுத்தும். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவது வழக்கம். கூகுள் மேப் குன்னூர் வழியைக் காட்டினாலும் போலீஸ் காட்டும் வழிதான். நேரம் கொஞ்சம் கூடும். பின் சீட்டுக்கு இன்னொரு கவர், இந்த முறை பேப்பர் கவராக, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.