குறி தவறியும் கோப்பை

2022 ஏப்ரல் 3. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் தேசிய இறுதிப் போட்டி. ஒரு பக்கம் தென் கரோலினா பல்கலைக்கழகம். எதிரே கனெக்டிகட் பல்கலைக்கழகம். அதுவரை 11 முறை இறுதிப் போட்டிக்கு வந்து, 11 முறையும் கோப்பையோடு வீடு திரும்பிய அணி. அன்று 64–49 என்று தென் கரோலினா ஜெயித்துவிட்டது.

அப்படியானால் ஜெயித்தவர்கள் எறிந்ததெல்லாம் கூடைக்குள் விழுந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கிடையாது. விழுந்ததைவிட விழாமல் போனதுதான் அதிகம். டான் ஸ்டேலி பயிற்சி கொடுத்த அந்த அணி தடுப்பதில் புலி, எறிவதில் சுமார்.

நல்லாத் தடுக்கிறவர்களுக்கு நல்லா எறிய வராதா என்ன? இரண்டும் வேறு வேறு வித்தைகள். எறிவதில் உள்ள சிக்கலை முதலில் பார்ப்போம்.

வளையத்தின் குறுக்களவு ஏறக்குறைய 46 சென்டிமீட்டர். பெண்கள் ஆடும் பந்து 23 சென்டிமீட்டர். இரண்டு பந்து அகலத்துக்கு இடம் இருக்கிறதே, இதில் போட முடியாதா? வீட்டில் ஒரு வளையலை மேசைமேல் வைத்து, நேர் மேலிருந்து பாருங்கள். வட்டம். தலையை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகும். இன்னும் தாழ்த்தினால் வெறும் கீற்று. வருகிற பந்துக்கும் வளையம் அப்படித்தான். 45 டிகிரி சாய்வில் இறங்கும் பந்துக்கு 32 சென்டிமீட்டர் வாசல்தான் திறந்திருக்கும். 30 டிகிரி என்றால் வாசலும் 23, பந்தும் 23! அதனால்தான் தட்டையாக எறிந்தால் கோச் கத்துகிறார். ஆனால் ரொம்ப உயரே தூக்கினால் வேகம் கூடுதலாகத் தேவை, கட்டுப்பாடு போய்விடும். யாரும் தடுக்காமல் ஆண்கள் எறியும் ஃப்ரீ த்ரோவைக் கணினியில் ஆராய்ந்த வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார், கையைவிட்டுப் புறப்படும்போது 52 டிகிரி, நொடிக்கு 3 சுற்றுப் பின்சுழல் (பந்தின் மேற்புறம் எறிபவர் பக்கமாகச் சுழல்வது) இருந்தால் நல்லது என்று கணக்குச் சொன்னார்கள். பின்சுழல் இருந்தால், வளையத்தில் மோதும் பந்து முன்னே ஓடாமல் வேகம் தணிந்து உள்ளே விழ வாய்ப்பு அதிகம்.

பக்கவாட்டுப் பிசகு இன்னும் மோசம். மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து 1 டிகிரி விலகினால் பந்து சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். வளையத்தைத் தொடாமல் விழ, பக்கத்துக்கு 11 சென்டிமீட்டர் சொச்சம்தான் இடம். 1 டிகிரி என்பது கடிகாரத்தின் நிமிட முள் 10 விநாடியில் நகருகிற அளவு! கால் சோர்ந்தால் அது தரவேண்டிய உந்துதலைக் கை ஈடுகட்டப் பார்க்கும், அவ்வளவுதான், பிசகிவிடும். சோர்வு இல்லாமலும் நடக்கும். 100-க்கு 35 போடுகிறவர் 20 தடவை எறிந்தால் 7 விழவேண்டும். ஆனால் ஒரு நாள் 5, இன்னொரு நாள் 9 விழுவது சர்வ சாதாரணம்.

தடுப்பாட்டத்தில் இந்த ஊசி முனைத் துல்லியம் வேண்டாம். நாம் ஒன்றைப் பார்த்து அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. அதற்குள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிவருபவர் 1 மீட்டர் தாண்டிவிடுவார். அதனால் தடுப்பவர் பந்தையோ முகத்தையோ நம்ப மாட்டார், அவை ஏமாற்றும். இடுப்பைப் பார்ப்பார். இடுப்பு போகும் பக்கம்தான் உடம்பு போயாக வேண்டும். முழங்காலையும் முன்கூட்டியே மடக்கி வைத்திருப்பார். நிமிர்ந்து நின்று சட்டென்று இடப்பக்கம் பாய்ந்து பாருங்கள்: முதலில் முழங்கால் மடங்கும், பிறகுதான் கால் நகரும். அந்த நேரம் மிச்சம்!

பந்தைப் பிடுங்கவும் வேண்டியதில்லை. முகத்துக்கு நேரே கையை உயர்த்தினாலே போதும். எறிபவர் அவசரப்படுவார், கோணம் மாறும், மேலே சொன்ன அந்த 1 டிகிரி பிசகும். ஒருத்தியைத் தாண்டினாலும் பக்கத்தில் இன்னொருத்தி வந்து நிற்பாள். எறியும்போது உதவிக்கு யாரும் வர முடியாதே! கனெக்டிகட்டின் நட்சத்திரம் பெய்ஜ் பெக்கர்ஸ் அன்று 14 புள்ளிகளோடு நின்றார். அவரை விரட்டி விரட்டித் தடுத்தவர்களில் ஒருவரான டெஸ்டனி ஹெண்டர்சன், 26 புள்ளிகளும் எடுத்தார். அணியே எறிவதில் சுமார் என்றாலும் ஹெண்டர்சனுக்கு அது பொருந்தாது.

சரி, தவறிய பந்தெல்லாம் என்ன ஆனது? இங்கேதான் ரீபவுண்ட், அதாவது தவறித் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவது, வருகிறது. தொலைவிலிருந்து எறிந்த பந்து தொலைவாகத் தெறிக்கும் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். விழும் இடத்தை ஊகித்து, எதிராளிக்கு முதுகைக் காட்டி, தாழ உட்கார்ந்தாற்போல் நின்று இடத்தை அடைத்துவிட வேண்டும். தென் கரோலினாவின் 1.96 மீட்டர் உயரமுள்ள அலியா பாஸ்டன் மட்டும் 16 பந்துகளைக் கைப்பற்றினார். மொத்தத்தில் தென் கரோலினாவுக்கு 49 ரீபவுண்ட், கனெக்டிகட்டுக்கு 24.

அந்த 49-இல் 21 தாங்களே எறிந்து தவறவிட்ட பந்துகள். தவறினார்கள், எடுத்தார்கள், மறுபடி தாக்கினார்கள். கனெக்டிகட்டுக்கு அப்படி 6 முறைதான் வாய்த்தது. 21-இல் 6 போனால் 15. 64-இல் 49 போனாலும் 15. எண் ஒத்துப்போனது தற்செயல்தான். ஜெயித்தது தற்செயல் இல்லை.