வெள்ளித் திரையில் கரிசல் சீமை

சினிமா பார்ப்பவர்களில் இரண்டு வகையினர் உண்டு. புதுப் படம் வந்த முதல் நாளே பார்த்துவிடாவிட்டால் உறக்கம் கொள்ளாதவர்கள் ஒரு வகை. ஊரெல்லாம் பார்த்து, பேசி, மறந்தும் போன பிறகு, ஓய்வு கிடைத்தால் பார்ப்போம் என்று இருப்பவர்கள் மற்றொரு வகை. நாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். ஆகவே, புதுப் படங்களைப் பற்றிய அவசரச் செய்தி எதையும் நேயர்கள் நம்மிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம்.

பள்ளிக்கூட விடுமுறையில், வீட்டில் இருந்தபடியே ஆறு படங்கள் பார்த்தோம். இரண்டு பழையவை; நான்கு இக்காலத்தவை. அவற்றில் ஐந்து நம் கரிசல் சீமையையோ, அதை அடுத்துள்ள தாமிரபரணிக் கரையையோ பற்றியவை. புதியம்புத்தூரில் குடியிருப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. சில மைல் சென்றால் பாஞ்சாலங்குறிச்சி. அதைத் தாண்டினால் ஒட்டப்பிடாரம். பாட்டி சொன்ன கதையும் பாடப் புத்தகத்தில் படித்த கதையும் திரையில் வரும்போது, நாம் வெறும் ரஸிகராக இருக்க முடிவதில்லை. கொஞ்சம் சாட்சியாகவும் ஆகிவிடுகிறோம். சாட்சி என்ற முறையில் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்கோட்டையும் கல்கோட்டையும்

முதலில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. பி. ஆர். பந்துலு எடுத்து 1959-இல் வெளிவந்த வர்ணப் படம். சிவாஜி கணேசன் நாடக மேடையில் நடித்துப் புகழ் பெற்ற வேஷம் இது. மறு வருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசையும் அவருக்கு இது வாங்கித் தந்தது. சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. நம் பள்ளி ஆண்டு விழாவில், உயரமான பையன் ஒருவனுக்கு ஒட்டு மீசை வைத்து அந்த வசனத்தைப் பேச வைக்காத வருஷம் கிடையாது. நடிப்பைக் குறை சொல்லும் துணிவு நமக்கு இல்லை. அந்தக் குரல் இன்றும் மயிர்க்கூச்செறியச் செய்கிறது.

நம்முடைய ஆட்சேபணை கோட்டையைப் பற்றியது. போர்க் காட்சிகளை ஜெய்ப்பூர்ப் பக்கம் சென்று எடுத்தார்கள். அங்கே மலை உண்டு, கல் உண்டு, கம்பீரம் உண்டு. நம் பாஞ்சாலங்குறிச்சியோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை. அங்கே இருந்தது மண்கோட்டை. பானர்மன் படையெடுத்து வந்தது 1799 செப்டம்பரில். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது அதே வருஷம் அக்டோபர் 16-இல். கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஆனால், 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, அதே இடத்தில் சில நாட்களுக்குள் மறுபடியும் கோட்டையை எழுப்பிவிட்டான். நம் கரிசல் மண்ணை நம் ஆட்களே மிதித்துக் குழைத்து எழுப்பிய அந்தச் சுவர்மீது பீரங்கி வைத்துச் சுட்டும், வெள்ளைக்காரப் பட்டாளம் மே மாதம் வரை மல்லாட வேண்டியிருந்தது. கல்கோட்டையைக் காட்டியதால் படத்துக்கு அழகு கூடியிருக்கலாம். மண்கோட்டையைக் காட்டியிருந்தால் வீரம் இன்னும் நன்றாக விளங்கியிருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

இன்னொன்று. ஜாக்சன் துரையைச் சந்திக்கக் கட்டபொம்மன் ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டதும், 1798-இல் இராமநாதபுரத்தில் கைகலப்பு நேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்தது என்ன? கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டான்; விசாரணை நடந்தது; முடிவில் வேலை இழந்தவர் ஜாக்சன்தான். வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்புவிக்கும் நம் மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஸார், படத்தில் அது ஞாபகம் இல்லையே!" என்றான் ஒருவன்.

பாளையக்காரன் ஒருவன் மீசையை மட்டும் நம்பவில்லை. மனுவும் எழுதத் தெரிந்தவனாக இருந்தான் என்பது பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்லவா?

ஓடாத கப்பல்

அதே பந்துலு, அதே சிவாஜியை வைத்து 1961-இல் எடுத்தது 'கப்பலோட்டிய தமிழன்'. ம. பொ. சிவஞானம் எழுதிய நூலைத் தழுவியது. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஒட்டப்பிடாரத்து வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இந்தப் படத்தில் சிவாஜி கர்ஜனை செய்வதில்லை. கோவைச் சிறையில் செக்கிழுக்கும்போது உடம்பு மட்டுமே பேசுகிறது. எஸ். வி. சுப்பையாவைப் பார்த்த பிறகு பாரதியாருக்கு வேறு முகத்தைக் கற்பனை செய்துகொள்வது கஷ்டம். சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவரை எதிர்கொள்ளக் கூட்டமில்லை. தொழுநோயால் உருமாறிப்போன சுப்பிரமணிய சிவா நிற்கிறார். டி. கே. சண்முகம் நடித்த அந்த இடத்தில், நம் வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

படம் வெளிவந்தபோது வசூலில் தோற்றது. இது நம்மைச் சற்று யோசிக்க வைக்கிறது. வாள் எடுத்தவரின் கதை ஓடியது. கம்பெனி நடத்தியவரின் கதை ஓடவில்லை. 1906-இல் 10 லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று திட்டமிட்டு, ஊர் ஊராகப் போய் பங்கு சேர்த்து, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது எவ்வளவு பெரிய சாகசம்! கணக்குப் புத்தகத்தோடு செய்த சாகசம் என்பதால் கைதட்டல் குறைந்துவிட்டது போலும்.

தேதியில் வந்த தகராறு

இனி, இக்காலப் படங்கள். மாரி செல்வராஜ் இயக்கிய 'கர்ணன்' 2021 ஏப்ரலில் வெளிவந்தது. பொடியன்குளம் என்ற ஊர், அங்கே பஸ் நிற்பதில்லை, ஆபத்துக்கும் நிற்பதில்லை. முன்னங்கால்கள் கட்டப்பட்ட ஒரு கழுதை கதை முழுவதும் தத்தித் தத்தி நடந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கட்டு அவிழும் இடத்தைப் பார்த்தபோது, உவமை என்றால் என்ன என்று வகுப்பில் இனிமேல் சிரமப்பட்டு விளக்க வேண்டாம் என்று தோன்றியது.

படத்தைப் பார்த்த எவரும் நம் பகுதியில் உள்ள கொடியன்குளத்தை நினைக்காமல் இருந்திருக்க முடியாது. 1995 ஆகஸ்டு 31-ஆம் தேதி பெருந்திரளான போலீசார் அவ்வூரில் புகுந்து, வீடுகளையும் பண்டபாத்திரங்களையும் நாசம் செய்தார்கள். படம் வெளிவந்த புதிதில், கதை நடக்கும் காலம் 1997 என்று திரையில் காட்டப்பட்டது. 1995-இல் ஆண்டது வேறு கட்சியாயிற்றே என்று ஆட்சேபணை கிளம்பியது. உடனே, தொண்ணூறுகளின் பிற்பகுதி என்ற பொருளில் மாற்றினார்கள். வியாதி தீர்ந்ததா என்றால் இல்லை. 1995 எந்தக் கணக்கில் பிற்பகுதி ஆகும்? கற்பனைக் கதை என்றால் வருஷமே வேண்டாம். நடந்த கதை என்றால் நடந்த வருஷத்தையே போட வேண்டும். பரீட்சைத் தாளில் இப்படி எழுதும் பையனுக்கு நாம் மார்க் கொடுப்பதில்லை. உடைந்த பானைகளுக்கு எந்தக் கட்சி பதில் சொல்ல வேண்டும் என்ற சச்சரவில், பானைக்குச் சொந்தக்காரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

முடிவில் கதாநாயகன் போலீஸ் அதிகாரியைக் கொன்றுவிட்டுச் சிறை செல்கிறான். கொட்டகையில் அந்த இடத்தில் ஆரவாரம் எழுந்திருக்கும். ஆனால் நிஜக் கொடியன்குளத்து மக்கள் யாரையும் கொல்லவில்லை. விசாரணைக் கமிஷன், மனு, நஷ்டஈடு என்று நடையாக நடந்தார்கள். நீண்ட, சலிப்பூட்டுகிற அந்த நடையைத் திரையில் காட்டும் தைரியம் யாருக்காவது வர வேண்டும்.

ஓடிய தகப்பனும் மகனும்

வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) நம் சீமையின் சொத்தான நாவல் ஒன்றிலிருந்து பிறந்தது. கோவில்பட்டியை அடுத்த ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி 1982-இல் வெளியிட்ட 'வெக்கை'தான் அது. கொலை செய்துவிட்ட சிறுவனும் தகப்பனும் காடு கரை என்று ஒளிந்து திரிவதுதான் நாவல். பசிக்கு எதைச் சமைத்தார்கள், எந்தப் பாறை நிழலில் படுத்தார்கள் என்பதே அதில் பெரும் பகுதி. படத்திலோ தகப்பனுக்கு ஒரு பழைய வரலாறு சேர்த்திருக்கிறார்கள். பஞ்சமி நிலமும் செருப்பு அணியும் உரிமையும் அதில் வருகின்றன. அவை சேர வேண்டிய விஷயங்களே. ஆனால் ஒற்றை ஆளாகத் தகப்பன் பத்துப் பேரை வீழ்த்தும்போது, பூமணியின் மனிதர் மறைந்து சினிமாவின் மனிதர் வந்துவிடுகிறார். இரத்தமும் வேண்டியதற்கு மேல் கொட்டுகிறது. சிறு குழந்தைகளோடு பார்க்கும் படம் அல்ல.

இவ்வளவு குறை சொன்னாலும், கடைசிக் காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். நிலத்தைப் பறிப்பார்கள், பணத்தைப் பிடுங்குவார்கள், படிப்பை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்ற கருத்தை, தனுஷ் மகனிடம் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குள் போகிறார். பள்ளிக்கூட வாத்தியார்கள் வருஷக்கணக்காகச் சொல்லியும் ஏறாத உபதேசம் ஒரே நிமிஷத்தில் ஏறிவிடுகிறது. நமக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டாயிற்று!

வாழைத்தாரின் பாரம்

மாரி செல்வராஜின் 'வாழை' (2024) தாமிரபரணிக் கரையின் கதை. விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கும் இரண்டு சிறுவர்கள்; அவர்களில் ஒருவனுக்குத் தன் டீச்சர் மீது அளவில்லாத பிரியம். தார் ஒன்றுக்குக் கூலி ஒரு ரூபாயா, இரண்டு ரூபாயா என்பதற்கு ஒரு போராட்டம். நடன ஒத்திகைக்காக ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பையன் பள்ளிக்கூடம் போய்விடுகிறான். அன்றைக்கு லாரி கவிழ்கிறது. பிணங்கள் வரும் வீட்டில், பசி பொறுக்காமல் அவன் சோற்றில் கை வைக்கிறான். இந்தக் காட்சியைப் பற்றி மேலே எழுத நமக்கு வார்த்தை கிடைக்கவில்லை. இதே துயரத்தை, நம் உருளைக்குடிக்காரரான எழுத்தாளர் சோ. தர்மன் 'வாழையடி' என்ற சிறுகதையில் முன்னமே எழுதியிருக்கிறார். நேயர்கள் அதையும் தேடிப் படிக்க வேண்டும்.

நம் கோவில்பட்டிப் பக்கத்தில் வாழை இல்லை; தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. நாம் சிறுவராக இருந்த காலத்தில், விடியுமுன் வண்டி வந்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பள்ளிக்கு வந்தாலும் அவர்கள் வகுப்பில் தூங்குவார்கள். தூங்கியதற்காக அடியும் வாங்குவார்கள். திங்கட்கிழமை ஒரு பையன் தூங்கி விழுந்தால், பிரம்பை எடுக்குமுன் ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே இருந்தான் என்று கேட்க வேண்டும். இந்தப் படத்தை ஆசிரியர் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வது இதற்காகத்தான்.

மயிலும் கிழவரும்

கடைசியாக, மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022). உசிலம்பட்டிப் பக்கத்துக் கதையானாலும் நம் மனத்தைக் கொள்ளைகொண்டது இதுதான். எண்பது வயது தாண்டிய நல்லாண்டி என்ற நிஜமான விவசாயியே கதாநாயகர். படம் வெளிவருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்த பாவத்துக்காகக் கிழவரைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமே என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை. மாஜிஸ்திரேட் அம்மாள் போலீஸ்காரர் ஒருவரையே தண்ணீர் பாய்ச்ச அனுப்புகிறார்! சண்டை இல்லை, கூச்சல் இல்லை, ஆயினும் கண் திரையை விட்டு அகலவில்லை. நம் மானாவாரிக் காட்டில் மயிலும் பன்றியும் படுத்தும் பாட்டை அறிந்தவர்களுக்கு, சிரிப்போடு பெருமூச்சும் வரும்.

ஆறு படங்களையும் பார்த்து முடித்தபின் நமக்கு ஒன்று தோன்றிற்று. திரையில் பார்த்ததைப் பிள்ளைகள் நிஜமென்று நம்புகிறார்கள். நம்புவதைத் தடுக்க முடியாது. படத்தோடு படமாக இடத்தையும் காட்டிவிடலாம். பெற்றோர்கள் விடுமுறை நாளில் ஒட்டப்பிடாரத்து வீட்டையும், பாஞ்சாலங்குறிச்சியின் பழைய கோட்டை மேட்டையும், கயத்தாற்றையும் காட்டட்டும். 'வெக்கை'யை வாசித்துக் காட்டட்டும்.

படம் எடுப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். புதியம்புத்தூரில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஓடுகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எத்தனையோ ஊர்க் குழந்தைகள் உடுத்தும் கவுன்களும் சட்டைகளும் இங்கே தைத்தவை. இரவு முழுவதும் பெடல் மிதித்து ஊரார் பிள்ளைக்குப் புதுச் சட்டை தைத்துவிட்டு, விடிந்தபின் தன் பிள்ளைக்கு என்ன உடுத்துவது என்று யோசிக்கிற தாயின் கதையை இன்னும் திரையில் நாம் பார்க்கவில்லை. அதற்கு ஜெய்ப்பூர் வரை போக வேண்டியதில்லை. தூத்துக்குடியில் பஸ் ஏறினால் போதும்.