தடித்த டயர் மிதிவண்டி: மலிவு விலையில் வாங்குவோர் எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு அங்குல அகல டயருடன், மோட்டார் சைக்கிளைப் போல் காட்சியளிக்கும் மிதிவண்டிகளுக்கு இளைஞர்களிடையே தனி ஈர்ப்பு உண்டு. 'ஃபேட் பைக்' எனப்படும் இவற்றைப் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் கேட்பதும், இணையக் கடையில் விலையைப் பார்த்துப் பெற்றோர் உடனே வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது. படத்தில் பார்த்தால் மலிவான வண்டிக்கும் தரமான வண்டிக்கும் வேறுபாடு தெரியாது. கடைகண்ணி இல்லாத செம்பனைத் தோட்டப் பாதையில் பின்சக்கர அச்சு வளையும்போதுதான் அது தெரியவரும்.

பனியில் பிறந்த வண்டி

இவ்வகை மிதிவண்டி அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்துப் பனிப்பாதைகளில் உருவானது. 1987-இல் அங்கு 'இடிடாபைக்' என்ற 200 மைல் பனிப்பாதைப் போட்டி தொடங்கியது. சாதாரண டயர் பனியில் புதைந்ததால், ஓட்டுநர்கள் இரண்டு ரிம்களை ஒன்றாகப் பற்றவைத்து அகலமாக்கிப் பார்த்தனர். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் மணலுக்காக 3.5 அங்குல டயர் செய்யப்பட்டது. 2005-இல் சர்லி நிறுவனம் 3.7 அங்குல டயருடன் 'பக்ஸ்லி' என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே இது பரவலானது.

பனிக்கும் மணலுக்கும் ஒரே கணக்குதான். சேற்றில் கால் புதையாமல் இருக்கப் பலகை போட்டு நடப்பதைப் போல, அகலமான டயர் குறைந்த காற்றில் தட்டையாகப் பரவி, எடையைப் பகிர்ந்து தாங்குகிறது.

பணத்தை எதில் போடுவது?

முதலில் சக்கரம். ரிம் இரட்டைச் சுவர் கொண்டதா என்று கேளுங்கள். ஒற்றைச் சுவர் ரிம் பள்ளத்தில் விழுந்தால் எளிதில் நெளியும். பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் திருகி மாட்டும் 'ஃப்ரீவீல்' வகையைவிட, 'கேசட்' வகை நல்லது. ஃப்ரீவீல் வகையில் வலப்பக்கத் தாங்கி உள்ளே தள்ளி இருப்பதால், உடல் எடை அதிகமுள்ளவர் ஓட்டினால் அச்சு வளைய வாய்ப்பு அதிகம்.

அடுத்தது பிரேக். டிஸ்க் பிரேக் இருக்க வேண்டும். கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கே போதும். அதைச் சிறு பட்டணத்துக் கடையிலும் சரிசெய்யலாம். வாங்கும்போதே சரிவில் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். இவ்வண்டிகளில் பல 16 கிலோவுக்கு மேல் இருக்கும். தோட்டத்து மேட்டிலிருந்து இறங்கும்போது உயிரைக் காப்பது பிரேக்தான்.

மூன்றாவது கியர். மணல் காலை இழுக்கும். பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரம், முன்பல்சக்கரத்தின் அளவுக்காவது இருந்தால்தான் உட்கார்ந்தபடியே மிதிக்க முடியும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும்.

முன்பக்க ஸ்பிரிங் ஃபோர்க்கைப் பார்த்து மயங்க வேண்டாம். மலிவான ஃபோர்க் எடையைக் கூட்டும். மணலும் உப்பும் புகுந்து சீக்கிரம் இறுகிவிடும். குலுக்கலைத் தாங்கும் வேலையைத் தடித்த டயரே பெருமளவு செய்துவிடுகிறது. அந்தப் பணம் ரிம்முக்கும் பிரேக்குக்கும் போகட்டும்.

சட்டத்தின் அளவு ஓட்டுபவருக்குப் பொருந்த வேண்டும். பிள்ளை வளர்ந்துவிடும் என்று பெரிய அளவு வாங்குவது ஆபத்து. இரு கால்களையும் தரையில் ஊன்றி நிற்கும்போது மேல்குழாய் உடலில் இடிக்கக்கூடாது.

காற்றுதான் ரகசியம்

நல்ல வண்டி வாங்கியும் மணலில் புதைகிறது என்றால், பெரும்பாலும் காற்று அதிகம் என்று பொருள். தார்ச்சாலைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ., செம்மண் பாதைக்கு 10 முதல் 12, உலர்ந்த மணலுக்கு 5 முதல் 8 என்பது நடைமுறைக் கணக்கு. உடல் எடைக்கேற்ப ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கலாம். ரிம் தரையில் இடித்தால் காற்று போதவில்லை.

பெட்ரோல் நிலையக் கருவி கிலோபாஸ்கலில் காட்டினால், ஒரு பி.எஸ்.ஐ. ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது கார் டயருக்கானது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் என்று நம்ப முடியாது. குறைந்த அழுத்த அளவுமானியும் கைப்பம்பும் வைத்திருப்பது நல்லது. மணலை விட்டுச் சாலைக்கு வந்ததும் மீண்டும் காற்றடிக்க வேண்டும்.

உப்பு அரிக்கும்

மோரிப், போர்ட்டிக்சன் போன்ற கடற்கரைகளில் ஓட்டுவோர் நீர் வற்றிய நேரத்தில், கெட்டியான ஈர மணலில் செல்வது எளிது. அலையில் இறக்கக்கூடாது. வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் செயின் துருப்பிடித்துவிடும். அலுமினியச் சட்டம் இங்கு இரும்பைவிடத் தாக்குப்பிடிக்கும்.

யாருக்குத் தேவையில்லை?

தார்ச்சாலையில் பள்ளிக்கும் கடைக்கும் போய்வர மட்டுமே மிதிவண்டி வேண்டும் என்றால், இதை வாங்க வேண்டாம். எடையும் டயரின் உராய்வும் காலைச் சோர்வாக்கும். அதே பணத்தில் தரமான சாதாரண மலைப்பாதை மிதிவண்டி கிடைக்கும். மணலிலும் தோட்டத்து மண்பாதையிலும் அடிக்கடி ஓட்டுபவர் என்றால், இணையத்தில் புதிதாக வாங்குமுன், நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி ஒன்றை நேரில் ஓட்டிப் பாருங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தலைக்கவசத்துக்கும் 26 x 4.0 அளவு உள்டியூப் ஒன்றுக்கும் ஒதுக்கிவிடுங்கள். எல்லாக் கடைகளிலும் அந்த அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.