ஒரே பந்தியில் அமர்வோம்

கிறிஸ்து பிறப்புக் காலம் வந்துவிட்டால் திண்டுக்கல் சமவெளியிலிருந்து இருவகை வண்டிகள் புறப்படுகின்றன. ஒன்று, வத்தலக்குண்டு வழியாகக் கோடை மலை ஏறுகின்றது. அதனுள் பிள்ளைகளின் கூச்சலும் புளியோதரையின் மணமும் நிறைந்திருக்கும். மற்றொன்று, ஊருக்குப் புறத்தேயுள்ள ஆதரவற்றோர் இல்லத்தின் வாயிலில் போய் நிற்கின்றது. அதனுள் கேக்குப் பெட்டிகளும் போர்வைகளும் அடுக்கப்பட்டிருக்கும். அரையாண்டு விடுமுறையின் சில நாட்களுக்குள் ஒரே குடும்பம் இவ்விரு பயணங்களையும் முடித்துக்கொள்வதும் உண்டு. மகிழ்ச்சிக்கு ஒரு நாள், தருமத்திற்கு ஒரு மணி நேரம் என்று நாம் கணக்கிட்டுக்கொள்கிறோம்.

இரண்டும் நல்லவையே. குடும்பமாக உல்லாசப் பயணம் செல்வதைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. பூட்டுப் பட்டறைகளிலும், தோல் பதனிடும் தொழிற்கூடங்களிலும், நூற்பாலைகளிலும், சின்னாளபட்டித் தறிகளிலும் ஆண்டெல்லாம் உழைப்போர், பெற்ற பிள்ளைகளோடு ஒரு நாளேனும் கவலையின்றிச் சிரிப்பது இறைவனுக்கும் உவப்பானதே. இல்லாதோர்க்கு ஈவது நம் கடமை என்பதையும் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் மகிழ்ச்சியில் ஏழைக்கு இடமில்லை. நாம் செய்யும் தருமத்தில் மகிழ்ச்சி இல்லை. இவ்விரண்டையும் இப்படிப் பிரித்து வைத்தவர் யார்?

முத்தழகுபட்டி புகட்டும் பாடம்

இக்கேள்விக்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் நகரின் ஓரத்திலேயே முத்தழகுபட்டி இருக்கின்றது. அங்குள்ள புனித செபஸ்தியார் ஆலயத்தில் ஆகஸ்டுத் தொடக்கத்தில் நிகழும் திருவிழாவை அறியாதார் இப்பகுதியில் இலர். கொள்ளைநோய்க் காலங்களில் உலகெங்கும் கத்தோலிக்கர் செபஸ்தியாரின் துணையை நாடினர். இங்கும் நோய் தீரவும், மகப்பேறு வாய்க்கவும், குடும்பத் துன்பம் நீங்கவும் மக்கள் நேர்ந்துகொள்வர். நேர்த்திக்கடனாக ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் ஆலயத்தில் வந்து குவியும். ஆடுகள் நூற்றுக்கணக்கில் வரும். கோழிகள் அவற்றினும் மிகுதி. ஊரார் ஒன்றுகூடி வெட்டி, அரிந்து, பெரும் அண்டாக்களில் சமைப்பர். மாலையில் தொடங்கும் அன்னதானம் இரவெல்லாம் நீளும். சாதி, சமயம் பாராது பல்லாயிரவர் வந்து உண்பர்.

இவ்விருந்தைக் கூர்ந்து நோக்கினால் மூன்று உண்மைகள் புலனாகும்.

முதலாவது, இங்கே கொடுத்தவரின் பெயர் மறைந்துவிடுகின்றது. கொழுத்த ஆட்டைத் தந்தவர் யார், அரைப்படி அரிசி தந்த கைம்பெண் யார் என்பது அண்டாவுக்குத் தெரியாது. இலையில் விழும் சோற்றில் எது யாருடையது என்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. தருமம் செய்கையில் எக்காளம் ஊத வேண்டாம் என்று நம் ஆண்டவர் அறிவுறுத்தியதன் பொருள் அங்கே தானாகவே நிறைவேறுகின்றது.

இரண்டாவது, கொடுத்தவரும் அதே பந்தியில் உண்கின்றார். ஈந்தவர் நின்று பார்க்க, ஏழை மட்டும் அமர்ந்து உண்ணும் விருந்தன்று அது. செல்வரும் அதே சோற்றை அருளெனக் கருதிக் கேட்டு வாங்குகின்றனர். வாங்குவது இழிவு என்னும் எண்ணம் அங்கே வேரோடு களையப்படுகின்றது.

மூன்றாவது, அக்கொடை நேற்று நினைத்து இன்று கொடுத்ததன்று. நேர்ந்துவிட்ட குட்டியைப் பல மாதங்கள் புல்லும் தழையும் இட்டு வளர்க்கும் வீட்டார், ஒவ்வொரு நாளும் தம் கொடையை நினைக்கின்றனர். மிஞ்சியதைக் கொடுப்பதற்கும், கொடுப்பதற்கென்றே ஒன்றை வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

2017 நவம்பர் 19 அன்று முதலாவது உலக ஏழையர் நாளைக் கொண்டாடிய திருத்தந்தை பிரான்சிஸ், ஏறக்குறைய 1,500 ஏழை மக்களை வத்திக்கானுக்கு அழைத்து, அவர்களோடு அமர்ந்து நண்பகல் உணவு அருந்தினார். உலகச் செய்தித்தாள்கள் அதனை வியந்து எழுதின. நம் மண்ணின் எளிய மக்கள் அதே பாடத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்திக் காட்டி வருகின்றனர். தை மாதத்தில் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் இந்துச் சகோதரர்களுக்கு வழியெங்கும் உணவும் நீரும் அளிக்கும் வழக்கமும் இம்மண்ணின் செல்வமே.

பெறுபவரின் முகம்

இந்தப் பாடத்தை நம் கிறிஸ்து பிறப்புக் காலக் கொடைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். டிசம்பர் மாதத்தில் இல்லங்களின் வாயிலில் கூட்டம் மிகும். ஒரே நாளில் மூன்று குழுவினர் வந்து மூன்று முறை கேக்கு வெட்டுவர். குழந்தைகள் மூன்று முறை வரிசையில் நின்று, மூன்று முறை பாடி, மூன்று முறை நன்றி கூற வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது சீருடைக்கும் குறிப்பேட்டிற்கும் வழியின்றி இல்லத்தார் தவிக்கையில் அவ்வாயிலில் எவரும் இரார். நமக்கு வசதியான காலத்தில் கொடுக்கின்றோம். அவர்களுக்குத் தேவையான காலத்தில் கொடுக்கின்றோமா?

இன்னொன்றும் உண்டு. ஒரு போர்வையை நான்கு பேர் பிடித்துக்கொண்டு, அதனைப் பெறும் முதியவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்து, அன்று மாலையே கைப்பேசியில் ஊரெங்கும் அனுப்புகின்றோம். அம்முதியவர் ஒரு காலத்தில் தம் வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கர்க்குச் சோறிட்டவராக இருக்கலாம். அவருடைய வறுமையை நம் புகழுக்கு விளம்பரமாக்குவது எவ்வகைத் தருமம்? குழந்தைகளைப் பொறுத்தவரை இது நாகரிகக் குறைவு மட்டுமன்று, சட்டத்திற்கும் புறம்பானது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கின்றது. மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கொரிந்து நகரத் திருச்சபையில் செல்வர் முந்திக்கொண்டு உண்டு களிக்க, ஏழையர் பசியோடு இருந்தனர். புனித பவுல் அவர்களைக் கடுமையாகக் கடிந்துகொண்டார். ஆண்டவரின் பந்தியில் ஒன்றாயிருப்போர், உணவுப் பந்தியில் இரண்டாகப் பிரிவது ஆகாது என்பதே அவர் கவலை. அக்கடிதம் கொரிந்தியர்க்கு மட்டுமே எழுதப்பட்டதென்று நாம் எண்ணலாகாது.

நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்

முதியோர் இல்லத்திற்குப் பழமும் ரொட்டியும் கொண்டு செல்லும் குடும்பத்தில், பெற்ற தாய் எங்கே இருக்கின்றார் என்று கேட்டால் சில வேளை விடை கசப்பாயிருக்கும். பயணத்திற்கு வேன் பேசும்போது, "அம்மாவுக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு செய்துவிடுகின்றோம். அவரைக் கேட்டா முடிவு செய்தோம்? மூன்று நாளுக்கு மாவு அரைத்து வைத்து, பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்துப் புறப்படுகின்றோம். பிள்ளைகள் கோடை ஏரியில் படகு விடும் வேளையில், வயது முதிர்ந்த ஒருவர் விண்மீன் விளக்கின் கீழே தனியே அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

பெற்றோர்க்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோரை இயேசு வெளிப்படையாகக் கண்டித்ததை மாற்கு நற்செய்தியில் காண்கின்றோம். பெற்றோரையும் மூத்தோரையும் பேணுவதற்கென 2007இல் நம் நாட்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் சோற்றுக்கு வழி செய்யலாம். பக்கத்தில் அமர்ந்து உண்ணப் பேரப்பிள்ளையை அதனால் தர இயலாது.

மலைக் குளிர் மெய்யாகவே அவருக்கு ஆகாதெனில், பயணத்தையே மாற்றிக்கொண்டால் என்ன? கோடைக்கானலில் நெரிசல் மிகுந்து, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு முறையே வந்துவிட்டது. நம் திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் சமவெளியிலேயே, மலையடிவாரத்தில் இருக்கின்றது. கட்டுச்சோற்றை அவிழ்த்து, பாட்டியை நடுவில் அமர்த்தி, அவர் சிறுமியாயிருந்தபோது ஆடிப்பெருக்கிற்குச் சென்ற கதையைப் பிள்ளைகள் கேட்கட்டும். எந்தப் பூங்காவும் தராத இன்பம் அது.

வண்டியில் ஓர் இடம், இலையில் ஒரு பங்கு

இனி, பயணத்தையும் தருமத்தையும் ஒன்றாக்கும் வழிகள் சிலவற்றைச் சிந்திப்போம்.

பன்னிரண்டு பேர் அமரும் வேனைப் பேசுவோர், பதினொருவராகச் செல்லுங்கள். பன்னிரண்டாம் இடத்தை உங்கள் தெருவில் விடுமுறைக்கு எங்கும் செல்ல வழியற்ற ஒருவருக்கு அளியுங்கள். கணவரை இழந்து தையல் தைத்துப் பிழைப்பவரின் மகனாக இருக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். "உனக்காகச் செலவு செய்கிறோம்" என்னும் தோற்றம் சிறிதும் வேண்டாம். "நீங்களும் வந்தால்தான் பயணம் களைகட்டும்" என்று அழையுங்கள். அச்சொல் உண்மையாகவும் இருக்கட்டும்.

வேன் ஓட்டுநர் எங்கே உண்கின்றார் என்று பாருங்கள். நாம் விரிப்பு விரித்து வட்டமாக அமர்ந்து உண்கையில், அவர் வண்டியின் மறுபுறம் பொட்டலத்தோடு ஒதுங்கி நிற்பதே பல இடங்களிலும் காணும் காட்சி. அவருக்கும் பண்டிகை உண்டு. அவர் பிள்ளைகளும் அப்பா வருவாரென்று காத்திருக்கின்றனர். "அண்ணே, வாங்க, சேர்ந்து சாப்பிடுவோம்" என்னும் ஒரு சொல்லுக்குச் செலவேதும் இல்லை. அதனைக் கேட்கும் நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் கற்க இயலாத ஒன்றை அங்கே கற்பர்.

இல்லங்களுக்குச் செல்ல விரும்புவோர் முன்னதாகவே சென்று, என்ன தேவை, எந்த நாள் தேவை என்று இல்லத்தாரைக் கேளுங்கள். செல்லும் நாளில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அவர்கள் சமைத்த உணவை அவர்களோடு அமர்ந்து உண்ணுங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

கிறிஸ்து பிறப்பின் மறுநாளாகிய டிசம்பர் 26இல் திருச்சபை முதல் மறைசாட்சியாகிய புனித முடியப்பரை நினைவுகூர்கின்றது. அவர் யார்? எருசலேமில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கைம்பெண்கள் சிலர் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, அக்குறையைத் தீர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவருள் ஒருவர். குடிலில் பிறந்த பாலனைப் போற்றிய மறுநாளே, பந்தியில் விடுபட்டவர் யார் என்று பார்க்க வந்தவரை நம் கண்முன் நிறுத்துகின்றது வழிபாட்டு நாட்காட்டி. 1833இல் பாரிசு நகரில் இருபது வயது மாணவராயிருந்த பிரடரிக் ஓசானாம், தம் நண்பர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோதும் இதனையே செய்தார். உதவியை அனுப்பி வைக்காமல், ஏழையரின் இல்லங்களுக்குத் தாமே சென்று அமர்ந்து பேசுவதை அச்சபையின் முதற்பணியாக்கினார். அவருக்கு 1997இல் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

கைப்பிடி அரிசி

நேர்ந்துவிட்ட ஆட்டுக்குட்டியைப் போல நம் கொடையும் ஆண்டெல்லாம் வளர வேண்டுமாயின், அதற்கு எளிய வழி நம் அடுக்களையிலேயே இருக்கின்றது. மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து இறைபணிக்கு அளித்து வருகின்றனர். செல்வம் மிகுந்த நாடன்று அது. மலைநாட்டு உழவர் வாழும் பூமி. நம் வீடுகளிலும் கைப்பிடி அரிசி எடுத்துவைத்த பாட்டிமார் பலர் இருந்தனர். அப்பானையை மீண்டும் அடுக்களையில் வைப்போம். பிள்ளைகளின் கையாலேயே அரிசியை எடுக்கச் செய்வோம். பயணத்திற்கென்று உண்டியலில் பணம் சேர்க்கும் குடும்பங்கள், பத்தில் ஒரு பங்கை வேறோர் உண்டியலில் இட்டு, ஜூன் மாதத்தில் திறக்கட்டும். ஏழைப் பிள்ளையின் சீருடைக்கு அது உதவும்.

அன்புக் குடும்பத்தாரே, விருந்து வைக்கும்போது திருப்பி அழைக்க வல்லோரை மட்டும் அழையாமல், திருப்பிச் செய்ய இயலாதோரை அழைக்குமாறு இயேசு பணித்தார். அவர்களுக்கு ஏதேனும் கொடுத்தனுப்புமாறு அவர் கூறவில்லை, அழைக்குமாறே கூறினார். இந்த விடுமுறைக்கு வண்டி பேசுமுன், இலை அறுக்குமுன், வீட்டார் அனைவரும் கூடியமர்ந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். இம்முறை நம்மோடு அமரப்போகும் அந்த ஒருவர் யார்? பெயர் முடிவானதும் பிள்ளைகளையே அனுப்பி அவரை அழைத்து வரச் சொல்லுங்கள்.