உஷார்! சர்வீஸ் சார்ஜ் பில்லைக் கிடப்பில் போடாதீர்கள்

இங்கிலாந்தில் லீஸ்ஹோல்ட் பிளாட் வைத்திருப்பவர்களே, முதலில் இதைக் கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் அநியாயமாக ஏறிவிட்டது என்பதற்காகப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம் என்று நம்மவர்கள் நிறைந்த இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "முதல்ல அவன் ஒழுங்கா கிளீன் பண்ணட்டும், பிறகு காசு தாறன்." கோபம் நியாயமானது. ஆனால் அந்த வழி வீட்டுக்கே உலை வைக்கும்.

லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்திருந்தாலும் உங்கள் கையில் இருப்பது 99 வருடமோ 125 வருடமோ நீளும் ஒரு குத்தகைதான். நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருடையவை. குத்தகை நிபந்தனையை மீறினால் அந்தக் குத்தகையையே ரத்து செய்யக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பாக்கி 350 பவுண்டைத் தாண்டினாலோ, சிறிய தொகையே மூன்று வருடத்துக்கு மேல் கட்டாமல் கிடந்தாலோ அந்த ஆயுதத்தை அவர் எடுக்கலாம். தொகை சரிதான் என்று நீதிமன்றமோ டிரிபியூனலோ (தீர்ப்பாயமோ) முதலில் முடிவு செய்திருக்க வேண்டும், அல்லது நீங்களே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. நம்மவர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

கவுன்டி கோர்ட்டிலிருந்து உறை வருகிறது. அதற்குப் பதில் போட 14 நாள்தான் அவகாசம். "இன்னொரு மிரட்டல் கடிதம்" என்று அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தாளோடு ஃப்ரீஹோல்டரின் வக்கீல் உங்கள் மோர்ட்கேஜ் பேங்கிடம் போவார். குத்தகை போனால் தன் கடனுக்கு ஈடு போய்விடுமே என்று பேங்க் பயப்படும். உங்கள் சார்பில் பணத்தைக் கட்டி, உங்கள் கடன் கணக்கில் ஏற்றிவிடும். நீங்கள் வாதாட நினைத்த தொகை, வக்கீல் செலவும் சேர்ந்து, வட்டியோடு உங்கள் தலையில் விழும். கடைசி நேரத்தில் முழுப் பணத்தையும் கட்டினால் கோர்ட் பெரும்பாலும் குத்தகையைக் காப்பாற்றிக் கொடுக்கும், உண்மைதான். அதற்குள் ஆகும் செலவை யார் கொடுப்பது?

அதற்காகக் கேட்டதையெல்லாம் வாய் திறக்காமல் கட்டுங்கள் என்று சொல்லவில்லை. அதுவும் ஆபத்துதான். பணம் கட்டினீர்கள் என்பதற்காக மட்டுமே கணக்கை ஒப்புக்கொண்டீர்கள் என்று ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வருடக்கணக்கில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கட்டிக்கொண்டே வந்தால், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இஸ்லிங்டன் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் 2015-ல் மேல் டிரிபியூனல் சொல்லிவிட்டது. ஆகவே கட்டும்போதே எழுத்தில் சொல்லுங்கள்: "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன். இன்ன இன்ன தொகையை ஏற்கவில்லை." ஒரு ஈமெயில் போதும். அதை அழிக்காமல் வையுங்கள்.

அடுத்து, லீஸ் பத்திரம். வீடு வாங்கியபோது சொலிசிட்டர் கொடுத்த காகிதக் கட்டுக்குள் இருக்கும். இல்லாவிட்டால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பிரதி வாங்கலாம். எதற்கெல்லாம் பணம் கேட்கலாம் என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் கேட்க முடியாது. வாங்குவதற்கு முன்னாலேயே இதைப் படித்தாக வேண்டும். வேல்ஸில் ஆக்ஸ்விச் என்ற இடத்து விடுமுறைக் குடில்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் வருடத்துக்கு 90 பவுண்டில் தொடங்கி, ஆண்டுதோறும் 10 சதவீதம் கூட்டுவட்டி போல ஏறும் என்று லீஸில் எழுதியிருந்தது. 2072 வாக்கில் அது வருடத்துக்கு ஐந்தரை லட்சம் பவுண்டைத் தாண்டும். 2015-ல் உச்ச நீதிமன்றம், எழுதியது எழுதியதுதான் என்று சொல்லிவிட்டது. காரணம், செலவுக்கேற்ப மாறும் சர்வீஸ் சார்ஜை மட்டுமே சட்டப்படி "நியாயமற்றது" என்று எதிர்க்கலாம்.

அப்படி மாறும் கட்டணம் உங்களுடையது என்றால் 1985-ன் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. செலவு நியாயமாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும், வேலையும் நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 19-ஆம் பிரிவு. ஆனால் "ரொம்ப அதிகம்" என்று சொன்னால் மட்டும் டிரிபியூனலில் எடுபடாது. ஃப்ரீஹோல்டர் ஆகக் குறைந்த விலையைத் தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டும். பல கட்டடங்களில் மீட்டர் அலமாரிக் கதவின் உட்பக்கம் கிளீனர் தேதி போட்டுக் கையெழுத்திடும் தாள் ஒட்டியிருக்கும். மாதத்துக்கு இரண்டு கையெழுத்து இருந்து, பில்லில் "வாராந்தரச் சுத்தம்" என்று இருந்தால், அந்தத் தாளை ஃபோனில் படம் எடுங்கள். அதே வேலைக்கு வேறு கம்பெனி என்ன கேட்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். கணக்குச் சுருக்கத்தையும் பிறகு ரசீதுகளையும் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பில்லில் இன்சூரன்ஸ் என்று இருக்கும் தொகையையும் விட்டுவிடாதீர்கள். அதில் ஏஜென்டுக்குப் போகும் கமிஷனும் உங்கள் பணம்தான்.

பெரிய பழுதுவேலை என்றால் 20-ஆம் பிரிவு நோட்டீஸ் வர வேண்டும். ஒரு பிளாட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் எந்த வேலைக்கும் முன்கூட்டியே உங்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். முதலில் ஒரு நோட்டீஸ், பிறகு எஸ்டிமேட்டுகளோடு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் 30 நாள். கேட்காமல் செய்திருந்தால், டிரிபியூனல் விலக்கு கொடுத்தாலன்றி, உங்களிடம் 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது. நோட்டீஸ் வந்தும் பேசாமல் இருந்துவிட்டால், பில் வந்தபிறகு உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். கூரை, ஜன்னல், லிஃப்ட் என்ற சொற்கள் உள்ள எந்தக் கடிதத்தையும் குப்பையில் போடாதீர்கள்.

பில்லில் தேதியையும் பாருங்கள். செலவு செய்து 18 மாதத்துக்குப் பிறகு கேட்கப்படும் பணத்தை, அந்த அவகாசத்துக்குள் எழுத்தில் தெரிவித்திருந்தாலன்றி, கட்டத் தேவையில்லை. ஃப்ரீஹோல்டரின் பெயர், விலாசம், உங்கள் உரிமைகளைச் சொல்லும் இணைப்புத் தாள் ஆகியவை இல்லாத பில், அவை வந்து சேரும் வரை கட்ட வேண்டிய பில் அல்ல. அப்படி நிறுத்தினாலும் காரணத்தை எழுதி அனுப்பிவிட்டே நிறுத்துங்கள். கிளாடிங் (வெளிச்சுவர் உறை) அகற்றும் செலவு கேட்கிறார்களா? 11 மீட்டரோ ஐந்து மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களில், தகுதியுள்ள லீஸ்காரர்களிடம் அதைக் கேட்க 2022 சட்டம் தடை போட்டிருக்கிறது.

பேசித் தீராவிட்டால் இங்கிலாந்தில் ஃபர்ஸ்ட்-டியர் டிரிபியூனலின் சொத்துப் பிரிவுக்கு நீங்களே போகலாம், வக்கீல் கட்டாயமில்லை. விண்ணப்பிக்கும்போது 20சி உத்தரவையும் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்களை எதிர்த்து வாதாடிய வக்கீலின் ஃபீஸை அடுத்த வருட சர்வீஸ் சார்ஜிலேயே சேர்த்து உங்களிடம் வாங்க லீஸ் இடம் கொடுக்கலாம். முடிந்தவரை பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து போங்கள். ஹவுன்ஸ்லோவில் ஜன்னல் மாற்றுவது உள்ளிட்ட பெரிய வேலைகளுக்கு 55,000 பவுண்டுக்கு மேல் பில் வந்த ஒரு பெண்மணி, கவுன்சிலை எதிர்த்து நின்றார். வசதியைக் கூட்டும் மாற்றங்களுக்குப் பணம் கேட்கும்போது குடியிருப்பவர்களின் பொருளாதார நிலையையும் பார்க்க வேண்டும் என்று 2017-ல் அப்பீல் கோர்ட் சொன்னது அவருடைய வழக்கில்தான்.

கோர்ட் உறை ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறதா? இன்றே பிரித்து, எதிர்வாதம் உண்டு என்று பதில் போடுங்கள். வழக்கை டிரிபியூனலுக்கு மாற்றும்படியும் கேளுங்கள். லீஸ் (LEASE) என்ற பெயரில் அரசு நிதியில் நடக்கும் ஆலோசனை அமைப்பு இதற்கெல்லாம் இலவசமாக வழி சொல்கிறது. 14 நாள் கழிவதற்குள் அவர்களிடம் பேசுங்கள்.