பாலைவனத்தில் ஓர் ஏரி இருந்தது... சேறு சொல்லும் கதையும் புதுக்கோட்டை கண்மாய்களும்!

சித்தன்னவாசல் குகையின் மேற்கூரையில் ஒரு குளம் இருக்கிறது. தாமரை, மீன்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் என ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த ஓவியம் அது. சரி, ஓவியமோ கல்வெட்டோ இல்லாத காலத்தில் நீர்நிலைகள் எப்படி இருந்தன என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கு விஞ்ஞானிகள் தேடிப்போவது ஏரியின் அடியில் கிடக்கும் சேற்றை. அதிலும் பாலைவன ஏரிகளின் சேறு என்றால் கூடுதல் ஸ்பெஷல்!

சேற்றை எப்படிப் படிக்கிறார்கள்?

ஏரியில் வண்டல் அடுக்கடுக்காகப் படியும். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. தண்ணீர் நிறைந்திருந்த காலத்தில் மெல்லிய களிமண் படிந்திருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பும் ஜிப்சமும் படியும். சுற்றிலும் என்னென்ன செடிகள் வளர்ந்தன என்பதை மகரந்தத் தூள் காட்டிக்கொடுக்கும். நத்தை ஓட்டில் இருக்கும் ஆக்சிஜனை ஆராய்ந்தால், மழை நன்றாகப் பெய்ததா, தண்ணீர் அதிகம் ஆவியானதா என்று தெரியும். வயதைக் கணிக்க கார்பன்-14 முறை உதவும்.

தார் பாலைவனம் தந்த ட்விஸ்ட்

ராஜஸ்தானின் பிகானேர் மாவட்டத்தில் இருக்கிறது லூண்கரன்சர் என்ற வறண்ட உப்பு ஏரி. 1970-களில் குர்தீப் சிங் என்ற ஆய்வாளர் சாம்பர், டிட்வானா, லூண்கரன்சர் ஏரிகளின் மகரந்தத்தை ஆராய்ந்து, ஒரு காலத்தில் அங்கே இன்றைவிட நல்ல மழை பெய்தது என்றார். அந்த மழை குறைந்ததால்தான் சிந்துவெளி நகரங்கள் சரிந்தன என்ற கருத்தும் பரவியது.

1999-ல் 'சயின்ஸ்' இதழில் யெஹூதா என்செல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, கதையையே மாற்றியது. லூண்கரன்சர் ஏரி சட்டென நிறைந்து, சுமார் 1,500 ஆண்டுகள் நீரோடு இருந்து, பிறகு முற்றிலும் வற்றிப்போனது. அது வற்றி ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பகுதியில் சிந்துவெளி நகரங்கள் செழித்தன! அதாவது, வறண்ட காலத்தில்தான் அந்த மக்கள் நகரம் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள்.

அப்படியானால் மழைக்கும் அந்த வீழ்ச்சிக்கும் சம்பந்தமே இல்லையா? 2014-ல் யமா தீட்சித், டேவிட் ஹோடெல், கேமரன் பெட்ரி ஆகியோர் ஹரியானாவின் கோட்லா தாஹர் என்ற பழைய ஏரியின் நத்தை ஓடுகளை ஆராய்ந்தார்கள். சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை சட்டென பலவீனமானது தெரியவந்தது. நகரங்கள் தேயத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். வறட்சியோடு வாழப் பழகியவர்களுக்கும் தாங்க ஓர் எல்லை இருந்திருக்கலாம். விவாதம் இன்னும் தொடர்கிறது.

லாஸ் வேகாஸ் என்றால் புல்வெளி!

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் இன்று பாலைவன நகரம். ஆனால், ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்குப் 'புல்வெளிகள்' என்று பொருள். நிலத்தடி ஊற்றுகளால் உருவான ஈரநிலங்கள் அங்கே இருந்தன. பனியுகக் காலத்தில் மாமூத் யானைகள் தண்ணீர் குடித்த இடம்! காலநிலை சட்டென வெப்பமானபோதெல்லாம் அந்த ஈரநிலங்கள் வற்றியதை, கேத்லீன் ஸ்பிரிங்கர் குழுவினர் 2015-ல் சேற்றடுக்குகளை வைத்துக் காட்டினார்கள். அதற்கெல்லாம் தப்பி எஞ்சியிருந்த ஊற்றுகள் 1962-ல் வறண்டன. இம்முறை காரணம் காலநிலை அல்ல. வளர்ந்துகொண்டே போன நகரம் நிலத்தடி நீரை உறிஞ்சியதுதான்.

நம் ஊருக்கு இதில் என்ன?

புதுக்கோட்டை பாலைவனம் இல்லைதான். ஆனால், இங்கே ஓடும் வெள்ளாறும் அக்னியாறும் மழையை நம்பிய ஆறுகள். அதனால்தான் ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊரணிகளையும் வெட்டி வைத்தார்கள் நம் முன்னோர். பழைய கண்மாய்களில் நிற்கும் கல் குமிழித் தூம்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? நீர் போக ஒரு துளை, சேறு போக இன்னொரு துளை. நீரோடு வண்டலும் வயலுக்கு உரமாகப் போய்ச் சேரும். கண்மாய் தூர்ந்துபோகாமலும் இருக்கும்.

இப்படி வெளியேறியும், காலங்காலமாக அள்ளப்பட்டும் வந்ததால், நம் கண்மாய்ச் சேற்றைப் பாலைவன ஏரியைப்போல வரிசையாகப் படிப்பது கஷ்டம். ஆனால், அந்த ஏரிகள் சொல்லும் பாடம் நமக்கும் பொருந்தும். மழை குறைவதை நம்மால் தடுக்க முடியாது. நிலத்தடி நீரை எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்குவதற்கு முன், வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

வண்டல் அள்ளுவதிலும் கணக்கு உண்டு. வயலுக்கு வண்டலை எடுப்பது நல்லது. மடையின் மட்டத்துக்குக் கீழே கிராவலுக்காகப் பள்ளம் தோண்டினால், அதில் தேங்கும் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு ஏறாது.

இந்தக் கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாயைக் கடக்கும்போது, ஒரு நத்தை ஓட்டை எடுத்து உங்கள் வீட்டுக் குழந்தையிடம் கொடுங்கள். 4,100 ஆண்டுகளுக்கு முந்தைய மழையின் கதையைச் சொன்னது இப்படியொரு ஓடுதான் என்று சொல்லுங்கள்.